‘பரவாயில்லை’ என்ற சொல்லும் ஒரு நோட்டுப் புத்தகமும்

சிகிச்சை தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், மருத்துவர் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: “போன தடவைக்கு அப்புறம் எப்படி இருந்தீங்க?” நானும் எப்போதும் சொல்லும் பதிலைச் சொன்னேன்: “பரவாயில்லை டாக்டர்.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இடைப்பட்ட மூன்று மாதங்களில் எத்தனையோ இரவுகள் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்து நான் எழுந்து உட்கார்ந்ததும், அவர் தூக்கக் கலக்கத்தோடு காலை நீவிவிட்டதும், காலையில் இமைகள் வீங்கிக் கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டதும் அவருக்கு நினைவிருந்தன. எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவற்றில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அந்த வாரம் கால் பிடிக்கவில்லை, இமைகளும் அவ்வளவாக வீங்கவில்லை. மூன்று மாதங்களைப் பற்றிய கேள்விக்கு மூன்று நாட்களை வைத்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டேன். மருத்துவர் “நல்லது” என்று எழுதிக்கொண்டார். என் உடம்பைப் பற்றி நான் எழுதிவைக்கத் தொடங்கியது அன்று மாலையில்தான்.

எனக்கு இருப்பது நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை 1,86,000 என்று வந்தது. இருக்கவேண்டியது 4,000 முதல் 11,000 வரை. 9ஆவது குரோமோசோமும் 22ஆவது குரோமோசோமும் தம் துண்டுகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்வதால் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் என்ற இணைவு மரபணுதான் இந்த நோயின் வேர். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் வேலையை நிறுத்தும் இமாட்டினிப் என்ற மாத்திரை 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1,106 பேரைச் சேர்த்து நடந்த ஐரிஸ் என்ற ஆய்வில், இமாட்டினிப் பிரிவில் இருந்தவர்களில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடிருந்தோர் விகிதம் 83.3 சதவீதம் என்று கணக்கிடப்பட்டது. இந்த நோயோடு பல ஆண்டுகள் வாழ முடியும் என்பதும், அத்தனை ஆண்டுகளும் நாள்தோறும் ஒரு மாத்திரையைத் தவறாமல் விழுங்கவேண்டும் என்பதும் ஒரே செய்தியின் இரண்டு பாதிகள். பிற்பாதியின் கனம் எனக்குப் புரிய வெகுநாளாயிற்று.

நோய் தெரிந்த நாளிலிருந்தே எங்கள் வீட்டில் ஒரு கோப்பு இருந்தது. எல்லா ரிப்போர்ட்டுகளும் தேதிவாரியாக அதில் இருந்தன. அதைப் புரட்டினால் என் இரத்தத்தைப் பற்றி எல்லாம் தெரியும். நான் எப்படித் தூங்கினேன், எதைச் செய்யமுடியாமல் விட்டேன் என்று ஒரு வரிகூடக் கிடைக்காது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, முதல் பக்கத்தில் பதினான்கு பத்திகள் கோடு போட்டேன். எடை, வெப்பநிலை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, தூக்கம், பசி, குமட்டல், வலி, சோர்வு, குடித்த தண்ணீர், நடந்த தூரம் என்று நீண்ட பட்டியல் ஆறு வாரங்கள் தாக்குப்பிடித்தது. எழுதுவதே ஒரு நோயாளியின் வேலையாக, நாளுக்கு நான்கு முறை நான் நோயாளி என்று எனக்கே நினைவூட்டுவதாக ஆனபோது மூடிவைத்துவிட்டேன். பிறகு மாத்திரை நேரம் போன்ற ஓரிரு பத்திகளைத் தவிர வேறு கோடுகளே இல்லாமல் இரவில் ஒரு வரி மட்டும் எழுதிப் பார்த்தேன். நான்கு மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் படித்தபோது, பெரும்பாலான நாட்களுக்கு எதிரே ஒரே சொல்தான் இருந்தது: பரவாயில்லை.

இந்தச் சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்பதற்கும் பரவாயில்லை என்கிறோம். தாங்கிக்கொள்ள முடிகிறது என்பதற்கும், இதைப் பற்றி மேலே பேச விருப்பமில்லை என்பதற்கும், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்பதற்கும் அதையேதான் சொல்கிறோம். அன்றாடப் பேச்சில் இந்த நெகிழ்ச்சி ஓர் அழகு. மருத்துவரின் அறையில் அதுவே ஒரு திரையாகிவிடுகிறது. நான் எழுதிய நோட்டை என் கணவரும் மகளும் எடுத்துப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களை வருத்தாமல் இருக்கவே அந்தச் சொல்லை எழுதினேன் என்று இப்போது நினைக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எப்படி இருந்தேன் என்று எழுதக்கூடாது, என்ன செய்தேன், எதைப் பாதியில் நிறுத்தினேன் என்று எழுதவேண்டும். ‘மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒருமுறை நின்றேன்’, ‘துணி உலர்த்தாமல் படுத்துவிட்டேன், படுத்து எழுந்தும் சோர்வு போகவில்லை’, ‘இரவு இரண்டு முறை கால் பிடித்தது’ என்று எழுதத் தொடங்கினேன்.

புற்றுநோய் மருத்துவத்தில் பக்கவிளைவுகளைத் தரம்பிரிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பொதுவான அளவுகோலும் இதே வழியில்தான் போகிறது என்று பின்னால் தெரிந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வெளியிட்டுவரும் அந்த அளவுகோலில், ஓய்வெடுத்தால் போய்விடும் சோர்வு முதல் நிலை. ஓய்வெடுத்தும் போகாமல், சமைப்பது, கடைக்குப் போவது, பணம் கையாள்வது போன்ற வேலைகளைத் தடுக்கும் சோர்வு இரண்டாம் நிலை. குளிப்பதையும் உடுத்துவதையும்கூடத் தடுத்தால் மூன்றாம் நிலை. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் வேறு எண் சொல்லும் நான், எதைச் செய்யவில்லை என்று கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்லமுடிகிறது. ‘துணி உலர்த்தாமல் படுத்துவிட்டேன்’ என்ற வரியை மருத்துவர் படித்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் ‘இரண்டு’ என்று எழுதியதைப் பார்த்தபோது என் மொழியும் அவர் மொழியும் முதல்முறையாக ஒன்றையொன்று தொட்டதுபோல இருந்தது.

பதினான்கு பத்திகளில் பிழைத்து நின்றவற்றில் ஒன்று, மாத்திரை விழுங்கிய நேரம். இதைத் தொடர்ந்தது தற்செயல்தான். எழுத எளிதாக இருந்ததால் விடவில்லை. அந்தக் காலத்தில், நோயின் மரபணு இரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் மரபணுச் சோதனையின் அளவு ஓரிடத்தில் நின்றுபோயிருந்தது. (பிசிஆர்-ஏபிஎல் என்ற மரபணுவின் பெயரும் அதை அளக்கும் பிசிஆர் சோதனையின் பெயரும் ஆங்கிலத்தில் வேறுவேறு எழுத்துகள், தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன. குழப்பம் வேண்டாமென்று சோதனையை மரபணுச் சோதனை என்றே சொல்கிறேன்.) மூன்றாம் மாதம் 4.1 சதவீதம், பன்னிரண்டாம் மாதம் 0.34, பிறகு 0.29, பிறகு 0.31. ஓராண்டில் 0.1க்குக் கீழே போகவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மருந்துக்கு எதிராக மரபணுவில் ஏதேனும் திரிபு ஏற்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது பற்றியும், அடுத்த தலைமுறை மாத்திரைக்கு மாறுவது பற்றியும் மருத்துவர் பேசத் தொடங்கியிருந்தார். அதற்கு முன்னதாக, “மாத்திரை ஏதாவது விட்டுப்போகுதா?” என்று கேட்டார். “எப்போதாவது ஒன்றிரண்டு,” என்றேன். முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டி எண்ணினேன். ஆறு மாதத்தில், அதாவது 182 நாட்களில், நேரம் எழுதப்படாத நாட்கள் 21. எழுத மறந்திருப்பேன் என்று முதலில் என்னைத் தேற்றிக்கொண்டேன். மாத்திரைப் பட்டைகளையும் வாங்கிய தேதிகளையும் வைத்துக் கணக்குப் பார்த்தபோது அந்தத் தேற்றல் நிற்கவில்லை. நான் விழுங்கியது 88 சதவீத மாத்திரைகளைத்தான். 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இமாட்டினிப் எடுத்துவந்த 87 பேரின் மாத்திரைப் புட்டிகளுக்கு, திறக்கும் ஒவ்வொரு முறையையும் பதிவுசெய்யும் மின்னணு மூடி பொருத்திப் பார்த்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் மாத்திரை எடுத்தவர்கள் ஆறு ஆண்டுகளில் 0.1 என்ற படியை எட்டும் வாய்ப்பு 94.5 சதவீதம், 90 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்களுக்கு 28.4 சதவீதம். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார். நானும் அந்த ஒருவர்தான் என்பதை என் கையெழுத்தே எனக்குச் சொன்னது.

விட்டுப்போன நாட்களுக்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. பெரும்பாலும் வெளியூர்ப் பயண நாட்கள், அல்லது இரவு சாப்பிடாமல் களைத்துப் படுத்த நாட்கள். வெறும் வயிற்றில் இந்த மாத்திரை குமட்டும். வயிறு நிறைந்த பிறகு ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடு விழுங்கவேண்டும். இரவு உணவைத் தவிர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த நாட்களில் மாத்திரையும் போய்விட்டது. அடுத்த முறை போனபோது நோட்டை மருத்துவரின் மேசையில் விரித்து வைத்தேன். அவமானமாக இருந்தது. அவர் திட்டவில்லை, மாத்திரையை மதிய உணவுக்கு மாற்றச் சொன்னார், மருந்தை மாற்றும் முடிவை இரண்டு சோதனைகளுக்குத் தள்ளிவைத்தார். ஆறு மாதம் கழித்து அளவு 0.08 என்று வந்தது. ஒரே ஒருத்தியின் கணக்கை வைத்து இது இதனால்தான் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், வேறு மருந்துக்கும் அதன் வேறு பக்கவிளைவுகளுக்கும் போகவிருந்த என்னைத் தடுத்து நிறுத்தியது ஆய்வகம் தந்த எந்த எண்ணும் அல்ல, நான் பொருட்படுத்தாமல் எழுதிவந்த ஒரு பத்திதான்.

ஆய்வக எண்களுக்கும் நோட்டில் இடம் உண்டு, ஆனால் அவற்றைத் தனியாக எழுதக்கூடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். ஐந்தாம் ஆண்டில் ஒரு ரிப்போர்ட்டில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. வீட்டில் எல்லோரும் அழுதோம். நோட்டில் பெரிய எழுத்தில் ‘பூஜ்யம்’ என்று எழுதினேன். அடுத்த முறை வேறோர் ஆய்வகத்தில் 0.002 சதவீதம் என்று வந்தது. நோய் திரும்பிவிட்டது என்று அன்று இரவு நாங்கள் யாருமே தூங்கவில்லை. இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருத்துவர் விளக்கியதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். இந்தச் சோதனை, இரத்தத்தில் உள்ள ஆர்என்ஏவை எடுத்து, நோயின் மரபணுப் பிரதிகள் எத்தனை, ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் ஏபிஎல் மரபணுவின் பிரதிகள் எத்தனை என்று எண்ணி, அவற்றின் விகிதத்தைச் சொல்கிறது. முதல் ஆய்வகம் எண்ணிய ஒப்பீட்டுப் பிரதிகள் 11,000. இரண்டாவது ஆய்வகம் எண்ணியது 58,000. பதினோராயிரத்தில் தேடி ஒன்றும் கிடைக்காமல் போனதைவிட, ஐம்பத்தெட்டாயிரத்தில் தேடி ஒன்றே ஒன்று கிடைத்தது உண்மையில் ஆழமான பலன். 10,000 பிரதிகளாவது எண்ணியிருந்தால்தான் 0.01 என்ற படியையும், 32,000 பிரதிகளாவது எண்ணியிருந்தால்தான் 0.0032 என்ற படியையும் உறுதியாகச் சொல்லமுடியும். நான் எழுதிய பூஜ்யம், விளக்கு எட்டிய தூரம்வரை எதுவும் தெரியவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஆய்வகம் எது, ஒப்பீட்டுப் பிரதிகள் எத்தனை, பன்னாட்டு அளவுகோலுக்கு மாற்றப்பட்ட எண்ணா என்ற மூன்றையும் எழுதுகிறேன். அந்த மாற்றம் செய்யப்படாத ரிப்போர்ட்டை மற்றோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடுவது அடிக்கணக்கையும் மீட்டர் கணக்கையும் ஒப்பிடுவது போன்றது. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினிலும் இதே தவறைச் செய்தேன், எப்போதும் 1.1 என்று வரும் இடத்தில் ஒருமுறை 97 என்று இருந்தது. மில்லிகிராமில் எழுதுவதற்குப் பதிலாக மைக்ரோமோலில் எழுதியிருந்தார்கள், 88.4ஆல் வகுத்தால் அதே 1.1தான். இமாட்டினிப் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகச் செயல்பாடு மெல்லக் குறையக்கூடும் என்பதால் நான் கவனித்து வரும் எண் அது. அலகைப் பார்க்காமல் அரைநாள் பதறினேன்.

வரைபடத்தையும் மாற்றினேன். சாதாரணக் கட்டத்தாளில் வரைந்தபோது, 4.1இலிருந்து 0.34க்கு வந்த வீழ்ச்சி மலைச்சரிவுபோல் தெரிந்தது, அதற்குப் பின் நடந்ததெல்லாம் தரையோடு தரையாக மறைந்துபோனது. இப்போது ஏணிபோல வரைகிறேன்: 100, 10, 1, 0.1, 0.01 என்று ஒவ்வொரு படியும் மேற்படியில் பத்தில் ஒரு பங்கு, படிகளுக்கிடையே ஒரே இடைவெளி. பின்னொரு நாள் 0.012 என்பது 0.027 ஆனபோது, இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதே என்று மனம் துடித்தது; ஏணியில் அது அரைப்படிகூட இல்லை. அவ்வளவு குறைந்த அளவுகளில் ஒரே இரத்தத்தை இரண்டு முறை சோதித்தாலும் இரண்டு மூன்று மடங்கு வேறுபாடு வரக்கூடும். அடுத்த முறை 0.015 வந்தது. நான் கண்வைக்கவேண்டிய கோடு 0.1 என்பதை ஏணியின் அந்தப் படியில் சிவப்பு மையால் வரைந்து வைத்திருக்கிறேன்.

எழுதிவைப்பதால் ஆயுள் கூடுமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 766 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவை 2017ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். நோய் பரவிய நிலையில் கீமோதெரபி எடுத்தவர்கள், பன்னிரண்டு அறிகுறிகளைத் தாங்களே கணினிவழி பதிவுசெய்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் மற்றொரு பிரிவு. பதிவுசெய்த பிரிவில் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31.2 மாதம், மற்றதில் 26 மாதம். இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அறிகுறி கடுமையானாலோ மோசமானாலோ அங்கே செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் போனது, பெரும்பாலான நேரங்களில் அவர்கள் ஏதாவது செய்தார்கள்: தொலைபேசியில் ஆலோசனை சொன்னார்கள், மருந்தைச் சேர்த்தார்கள் அல்லது மாற்றினார்கள். எழுதியதை ஒருவர் படித்தார் என்பதுதான் அந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. என் அலமாரியில் மூடிக்கிடந்த முதல் நோட்டு யாருக்கும் எதையும் செய்யவில்லை. ஆகவே ஒவ்வொரு சந்திப்புக்கு முந்தைய இரவிலும் மூன்று மாதங்களை அரைப் பக்கமாகச் சுருக்கி, மேலே ஒரே ஒரு கேள்வியை எழுதி எடுத்துப்போகிறேன். முழு நோட்டையும் நீட்டினால் எந்த மருத்துவருக்கும் அதைப் படிக்க நேரமிருக்காது.

எல்லா எண்ணையும் துரத்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சூலகப் (சினைப்பை) புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த தோழி ஒருவர் சிஏ-125 என்ற இரத்தக் குறியீட்டை மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைக்கு முந்தைய வாரம் முழுவதும் அவரோடு பேசவே முடியாது. 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், அந்தக் குறியீடு ஏறியதும் சிகிச்சையை மீண்டும் தொடங்கிய பெண்களும், அறிகுறி வரும்வரை காத்திருந்து தொடங்கிய பெண்களும் என 529 பேரை ஒப்பிட்டார்கள். இடைநிலை ஆயுள் 25.7 மாதமும் 27.1 மாதமும், முன்கூட்டித் தெரிந்துகொண்டதால் ஆயுள் கூடவில்லை. தன் மருத்துவரோடு பேசி, அறிகுறிகளை மட்டும் கவனிப்பது என்று அவர் முடிவெடுத்தார். அது அவருடைய நோய்க்கும் அவருடைய நிலைக்கும் பொருந்திய முடிவு. என் நோயில் மரபணுச் சோதனையைத் தவிர்ப்பது பெரும் பிழையாகும். ஓர் எண் ஏறினால் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் நான் இப்போது அதற்கு ஒரு பத்தி போடுகிறேன். கைக்கடிகாரம் தந்த தூக்க மதிப்பெண் அந்தக் கேள்வியில் தோற்றது. காலையில் எழும்போது நன்றாகத்தான் இருந்தேன். மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு சோர்ந்தேன். கழற்றி வைத்துவிட்டேன். வாரம் ஒருமுறை பார்க்கும் எடை தேறியது, ஏனென்றால் இந்த மாத்திரை உடம்பில் நீர் கோக்கச் செய்யும், திடீரென ஏறினால் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

இப்போது புதிய நோட்டு ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் மாத்திரை எடுத்து, 0.01 என்ற படிக்குக் கீழே இரண்டு ஆண்டுகளாவது நிலைத்திருப்பவர்கள், தக்க கண்காணிப்போடு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்ற வழி இப்போது உண்டு. நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோயின் அளவு மீண்டும் ஏறுகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்; மாத்திரையைத் திரும்பத் தொடங்கினால் மிகப் பெரும்பாலோருக்கு அது மறுபடி இறங்குகிறது. சென்ற மாதம் நானும் நிறுத்தினேன். முதல் ஆறு மாதம் மாதந்தோறும் மரபணுச் சோதனை. நிறுத்திய பிறகு சிலருக்குத் தசையும் மூட்டும் வலிக்கும், அது நோய் திரும்புவதன் அடையாளம் ஆகாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பத்தொன்பதாம் நாள் வலது தோளில் தொடங்கியது. ‘சட்டைக்கையில் கை நுழைக்கக் கணவரின் உதவி வேண்டியிருந்தது’ என்று எழுதினேன்.

மாத்திரை நேரத்துக்கான பத்தியையும் பழக்கத்தில் கோடு போட்டுவிட்டேன். அழிக்கவில்லை. முதல் சோதனையின் முடிவு வரும் வியாழக்கிழமை கிடைக்கும். அன்று எடுத்துப்போகும் அரைப் பக்கத்தின் மேலே எழுதவேண்டிய கேள்வி, தோள்வலிக்கு நான் என்ன எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான்.